கம்பெனி திவாலானால் பாக்கி யாருக்கு எவ்வளவு? ‘சம பங்கு’ விதி

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு ஷூ கம்பெனி கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வாசலில் மூன்று வகை ஆட்கள் நிற்பார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வராத, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண்கள். தோல், சோல், கெமிக்கல், அட்டைப்பெட்டி சப்ளை செய்துவிட்டு பில்லைக் கையில் வைத்திருப்பவர்கள். அடமானப் பத்திரத்தோடு பேங்க்காரர்கள். ‘சட்டத்தில் எல்லோருக்கும் சம பங்கு’ என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். பாதி சரி. மீதிப் பாதி தெரியாமல்தான் பலர் வரவேண்டிய பணத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே வரிசையில் இருப்பவர்களுக்குள் முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்ற பேதம் கிடையாது. ரூபாய்க்கு இத்தனை காசு என்று ஒரே விகிதம். சட்டம் சொல்லும் சமம் அவ்வளவுதான். வரிசை மாறினால் கணக்கே வேறு.

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம், 53-ஆவது பிரிவில் அந்த வரிசையை வகுத்திருக்கிறது. கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்றால், நடவடிக்கைச் செலவு முதலில் கழியும். அடுத்த படியில் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கிறார்கள்: தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கி; அடமானத்தைத் தனியாக விற்காமல் பொதுவில் விட்டுக்கொடுத்த பேங்க். மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி அதற்குக் கீழே. பிறகு அடமானமில்லாமல் வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள், அதன்பின் அரசுக்கான 2 ஆண்டு வரி பாக்கி. சரக்கு கொடுத்தவர்கள் அதற்கும் கீழே. பங்குதாரர்கள் கடைசி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செலவு போக 6 கோடி மிஞ்சுகிறது. பேங்க் பாக்கி 10 கோடி, தொழிலாளர் பாக்கி 2 கோடி, மொத்தம் 12 கோடி. ரூபாய்க்கு 50 காசு. 80,000 ரூபாய் வரவேண்டிய பெண்ணுக்கு 40,000. பேங்க்குக்கு 5 கோடி. பேங்க் பெரிய இடம் என்பதற்காக அவளுடைய 50 காசு 40 காசாகாது. இந்த விதியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். சோல் சப்ளை செய்தவருக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் வராது. சிறுதொழில் என்று அரசிடம் உத்யம் பதிவு வைத்திருந்தாலும் அவர் வரிசையில் மேலே ஏற முடியாது. சின்ன சப்ளையருக்கு இது கொடுமை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்றைய சட்டம் இதுதான். கம்பெனியைக் கலைக்காமல் வேறொருவர் எடுத்து நடத்தினாலும், கலைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகை, எடுப்பவர் தரும் பணத்தை இதே வரிசைப்படி பிரித்தால் வரக்கூடிய தொகை, இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் சப்ளையருக்குத் தர வேண்டும் என்பது மட்டுமே உத்தரவாதம். சமமானவர்களுக்குள்தான் சமத்துவம் என்று எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சொல்லிவிட்டது.

தொழிலாளிக்கு வரவேண்டிய பி.எஃப். பணம் இந்த வரிசைக்கே வெளியே இருக்கிறது. அதைக் கம்பெனிச் சொத்தாக எண்ணிப் பங்குபோட முடியாது.

பணம் தானாக வீடு தேடி வராது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கம்பெனிகளின் வழக்கு சென்னையிலுள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வழக்கு ஏற்கப்பட்டதும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, ஆங்கிலப் பத்திரிகையிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வரும். நியமனத்திலிருந்து 14 நாளுக்குள் பாக்கியைக் கோர வேண்டும். தவறினாலும் வழக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள் வரையாவது அவகாசம் உண்டு. சப்ளையருக்கு ‘பி’ படிவம், தொழிலாளிக்கு ‘டி’. பலர் சேர்ந்து ஒருவரைப் பிரதிநிதியாக வைத்தால் ‘இ’. சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, கையெழுத்தான டெலிவரி சலான் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். திவால் வழக்கைத் தொடங்கத்தான் குறைந்தது 1 கோடி பாக்கி வேண்டும். நடக்கிற வழக்கில் 8,000 ரூபாய்க்கும் கோரிக்கை வைக்கலாம். இதைத் தெரியாமல் ஒதுங்கிக்கொள்பவர்கள் அதிகம்.

‘ராத்திரியே மெஷினை ஏத்திட்டுப் போயிட்டா நம்ம பணமாவது தேறும்’ என்று சிலர் யோசிப்பார்கள். வழக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து தனித்தனி வசூல், ஜப்தி எல்லாவற்றுக்கும் தடை வந்துவிடும். முதலாளி அதற்கு முன்பே மச்சான் கடனை மட்டும் தீர்த்திருந்தால்? உறவினர் என்றால் 2 ஆண்டு, மற்றவர் என்றால் 1 ஆண்டு பின்னோக்கிப் பார்த்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிப் பொதுவில் சேர்க்க தீர்ப்பாயம் உத்தரவிடலாம். வழக்கமான வியாபாரத்தில் பில்லுக்கு வாங்கிய பணத்துக்கு இந்த பயம் வேண்டாம்.

கடன் வாங்கியவர் கம்பெனியாக இல்லாமல் தனி ஆளாக இருந்தால் பாதை வேறு. நம் பக்கம் ‘மஞ்சள் நோட்டீஸ்’ என்று சொல்வது அதைத்தான். 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ, தன்னைத் திவாலானவராக அறிவிக்கக் கேட்டு அவர் மனு போடுவார். அதில் அரசு பாக்கி முதலில். கூடவே வேலையாளின் சம்பளம், அதுவும் 20 ரூபாய்க்கு மேல் போகாமல். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தொகை சட்டத்தில் அப்படியே நிற்பது வயிற்றெரிச்சல். மீதியை எல்லோருக்கும் விகிதப்படி பிரிப்பார்கள். மனுவுக்கு முந்தைய 3 மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சாதகமாகச் சொத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் அது செல்லாது. மஞ்சள் நோட்டீஸ் வந்தது என்றால் அவர் மனு போட்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். உங்கள் கடன் அதனால் அழிந்துவிடவில்லை. நோட்டீஸில் உள்ள தேதியில் ஆஜராகி, புரோநோட்டைக் காட்டி, கடன் பட்டியலில் உங்கள் பெயரும் சரியான தொகையும் இருக்கிறதா என்று பாருங்கள்.