தொண்டைக்குள் ஒரு கேஸ்கட்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவின் முன்கையில் முன்பு வைத்த தகட்டை அடுத்த வாரம் எடுக்கிறார்கள். முழு மயக்கம் கொடுப்போம், ஆனால் டியூப் வேண்டாம், ஐ-ஜெல் போதும் என்றார் மயக்க டாக்டர். எதிர்வீட்டுக்காரருக்கு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்தபோது டியூப்தான் போட்டார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் மட்டமான சாமான்?"

மட்டமில்லை, வேறு வகை: டியூப் மூச்சுக்குழாய்க்குள்ளேயே போகும், ஐ-ஜெல் அதன் வாசலில் கவிழ்கிற மூச்சுக் கருவி. அது ஏன் என்று சொல்லப் புரையேறுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள் நம் வீடுகளில். நினைக்கிறவர்கள் பாவம், அவர்களுக்கு இதில் பங்கே இல்லை. சோறும் காற்றும் தொண்டை வரை ஒரே பாதையில் வந்து அங்கே பிரிகின்றன: முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். ஒரு பருக்கை வழி தவறினால் இருமல் அதை வெளியே துரத்திவிடும். முழு மயக்கத்தில் அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுகிறான். நாக்கு பின்னால் சரிந்து காற்று வழியை அடைக்கும். இரைப்பையில் இருப்பது மேலே வந்தால் தடுக்க ஆளின்றி நுரையீரலுக்குள் இறங்கும்.

டியூப் குரல்நாண்களுக்கு நடுவே நுழைந்து மூச்சுக்குழாய்க்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். நம்பகமானது, ஆனால் கொஞ்சம் முரடு. தசையைத் தளர்த்தும் மருந்து பெரும்பாலும் தேவைப்படும், மறுநாள் தொண்டை வலிக்கலாம். 1981-ல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற மயக்க மருத்துவர், உள்ளே நுழையாமல் குரல்வளையின் வாசலிலேயே ஒரு மாஸ்க்கைக் கவிழ்த்தால் என்ன என்று யோசித்தார். பல் வைத்தியத்துக்குப் பயன்பட்ட மூக்கு மாஸ்க்கின் ரப்பர் வளையத்தை, சாய்வாக வெட்டிய டியூபோடு தானே ஒட்டிப் பார்த்தார். அதுதான் எல்.எம்.ஏ., அதாவது குரல்வளை மாஸ்க். கடைக்கு வர 1988 ஆயிற்று. 2011-ல் வெளியான பிரிட்டனின் தேசியத் தணிக்கைக் கணக்குப்படி, அங்கே முழு மயக்கங்களில் 56 சதவீதத்துக்கு இந்த வகைக் கருவிகளே போதுமானதாக இருந்தன. பசையும் கத்தரியும் வைத்துக்கொண்டு சாமான்களை ஒட்டிப் பார்க்கும் டாக்டருக்கு நம் ஊரில் எந்த நிதிக்குழு பணம் தரும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

வாசலில் கவிழ்க்கிற பொருள் என்றால் ஓரம் கசியக் கூடாது. எவ்வளவு அழுத்தம் வரை கசியாமல் தாங்கும் என்பதே இந்தக் கருவிகளை ஒப்பிடும் முதல் அளவுகோல். அதைத் தண்ணீரின் உயரத்தில் சொல்வார்கள். பழைய எல்.எம்.ஏ. சுமார் 20 செ.மீ. தண்ணீர் தாங்கும், அதாவது ஏறக்குறைய ஒரு சாண். அதற்கு மேல் காற்றை அழுத்தினால் வாய் வழியே புஸ்ஸென்று போகும், அல்லது வயிற்றை ஊதவைக்கும். கை ஆபரேஷனுக்கு ஒரு சாண் தாராளம். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன்-டை-ஆக்ஸைடை நிரப்புவதால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, நுரையீரலை விரிக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கும். எதிர்வீட்டுக்காரரின் டியூபுக்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் கஃப்பில், அதாவது மாஸ்க்கின் ஓரத்தில் உள்ள ஊதும் வளையத்தில், இன்னும் காற்றடித்து இறுக்கிவிடலாமே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கூடாது. அளவுக்கு மேல் ஊதிய கஃப் கல் போல விறைத்துவிடும். தொண்டையோ மேடும் பள்ளமுமான இடம். விறைத்த வளையம் பள்ளத்தில் படியாமல் மேட்டில் மட்டும் முட்டி நிற்க, கசிவு கூடும். முட்டுகிற இடத்தில் சவ்வின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும், அருகில் ஓடும் நரம்பு மரத்துப்போகலாம். அதனால்தான் கஃப்புக்குள் 60 செ.மீ. தண்ணீருக்கு மேல் போகாதே என்கிறார்கள்.

சரியாக அடித்துவிட்டாலும் நிம்மதியில்லை. மயக்கத்துக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுத்தால், அந்த வாயு சிலிக்கான் சுவரை ஊடுருவிக் கஃப்புக்குள் புகும். உள்ளே இருக்கும் காற்றில் முக்கால்வாசிக்கும் மேல் நைட்ரஜன். அது வெளியேறுவதோ ஆமை வேகம். வருகிறவன் ஓடி வர, போகிறவன் நகராமல் நிற்க, யாரும் தொடாமலே கஃப் தானாக வீங்கும்! நடுவில் அழுத்தத்தை அளந்து காற்றை இறக்கிவிட வேண்டும்.

2007-ல் வந்த ஐ-ஜெல் இந்தத் தலைவலியை அடியோடு ஒழித்தது. முஹம்மது நாசிர் என்ற மயக்க மருத்துவர் வடிவமைத்த அதில் ஊதவே ஒன்றும் கிடையாது. குரல்வளை வாசலின் வடிவத்துக்கே வார்த்த மெத்தென்ற பொருள். படிந்து உட்காரும், சாதாரணமாக 25 செ.மீ.யை ஒட்டித் தாங்கும். 2000-ல் வந்த புரோசீல் என்ற எல்.எம்.ஏ. வகை கஃப் உள்ளதுதான், ஆனால் 30 வரை, அதாவது ஒன்றரைச் சாண் போகும். இந்த இரண்டிலும் ஒரு கிளைக்குழாய் உண்டு. அதன் நுனி உணவுக்குழாயின் வாயில் நிற்கும். மேலே வரும் இரைப்பை நீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பாமல் அந்த வழியே வெளியேறலாம். கசிவு அழுத்தத்தைவிட இதையே நான் பெரிதாக மதிப்பேன்.

ஆஸ்திரேலியாவில் கனக் பாஸ்கா, மீனா பாஸ்கா தம்பதி உருவாக்கிய பாஸ்கா மாஸ்க் இன்னொரு திசையில் போகிறது. உள்மூடி குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி ஏற ஏற மூடி உள்ளிருந்து தள்ளப்பட்டுக் கேஸ்கட் இறுகும். இதிலும் அப்படித்தான்: மெல்லிய சவ்வே கஃப், மெஷின் தள்ளும் ஒவ்வொரு மூச்சும் அதைத் தொண்டையோடு ஒட்டவைக்கும், மூச்சு வெளியேறும்போது சவ்வு தளர்ந்து தொண்டைக்கு ஓய்வு கொடுக்கும். இறுக்கம் தேவையான கணத்தில் மட்டும் இறுக்கம்.

சரி, எது சிறந்தது? நம் மருத்துவ இதழ்களில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமில்லை. முப்பது பேர் இந்தப் பக்கம், முப்பது பேர் அந்தப் பக்கம், எதை எத்தனை விநாடியில் போட்டோம், எது எவ்வளவு தாங்கியது என்று. முதுநிலை மாணவர் பட்டம் வாங்க அது போதும். நாம் உண்மையில் பயப்படுவது இரைப்பை நீர் நுரையீரலுக்குள் போவதைப் பார்த்து. ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு நடப்பதை அறுபது பேரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நூறு சின்ன ஆய்வுகளுக்குச் சிதறும் பணத்தையும் உழைப்பையும் ஒரே பெரிய ஆய்வில் கொட்டலாம் என்பது என் கட்சி.

வாசகருக்கு இனி ஒன்றே ஒன்று. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் எல்லாம் அப்பாவுக்கு இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், ஐ-ஜெல்லா டியூபா என்ற முடிவே மாறலாம். ஆபரேஷனுக்கு முன் வெறும் தண்ணீர் என்றால் வழக்கமாக 2 மணி நேர இடைவெளி, திட உணவுக்கு 6 மணி நேரம். பால் காபி தண்ணீர்க் கணக்கில் வராது, உணவுக் கணக்கு. "ஒரு வாய் காபிதானே" என்று விடிகாலையில் அவர் குடித்திருந்தால், டாக்டர் கேட்கும்போது மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதிகம் போனால் ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போகும்.