பள்ளிக்கூடச் சத்துணவுல முட்டை வேணாம்னா வாழைப்பழம், சரி, மத்தபடி ஒத்துக்காத பிள்ளைக்கு என்ன பண்றது?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் தை பொறந்தா பாதி வகுப்பு பழனிக்கு மாலை போட்டுக்கிட்டு நிக்கும், எங்க அக்கா பையனும் அதுல ஒருத்தன், போன வருசம் "சத்துணவுல முட்டை வைக்கிறாங்க, நான் எப்படி சாப்பிடுறது"ன்னு தட்டையே எடுத்துட்டுப் போகல. விசயம் தெரியாததால ஒரு வாரம் பட்டினி. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் குடுக்கணும்ங்கிறது திட்டத்துலயே இருக்கு, சத்துணவு அமைப்பாளர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். மாலை போட்டவனோ, வீட்டுல சைவமோ, முட்டை ஒத்துக்காதவனோ யாரா இருந்தாலும் இதேதான்.

ஆனா ஒண்ணு, ஒரு முட்டையில கிட்டத்தட்ட 6 கிராம் புரதம், வாழைப்பழத்துல 1 கிராம்தான் தேறும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மதியச் சாப்பாட்டுல 1 முதல் 5ம் வகுப்பு வரைக்கும் 450 கலோரி, 12 கிராம் புரதம், 6 முதல் 8க்கு 700 கலோரி, 20 கிராம் புரதம் இருக்கணும். அதனால பழம் வாங்குற பிள்ளைய கொண்டைக்கடலையையும் சாம்பார்ல கெடக்குற பருப்பையும் ஒதுக்காம சாப்பிடச் சொல்லுங்க, நம்ம பிள்ளைங்க அதத்தான் மொதல்ல ஓரங்கட்டும்.

இப்ப உண்மையான சிக்கல். மதியம் கலவை சாதத்துல மீல் மேக்கர் வர்ற நாள் உண்டு, அது சோயா, சில பிள்ளைக்கு ஒத்துக்காது. 1-5 வகுப்புக்கு காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையில ஆரம்பிச்சது, 2023ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு, அதுல உப்புமா, கிச்சடி, பொங்கல்னு மாத்தி மாத்திப் போடுவாங்க. ரவை, சேமியா, கோதுமை ரவை எல்லாமே கோதுமைதான்ங்கிறது நெறைய பேருக்கு தோணுறதே இல்ல, கோதுமை ஆகாத பிள்ளைக்கு அரிசியில செஞ்ச வெண்பொங்கல், அரிசி உப்புமா மாதிரிதான் ஆகும். முட்டைக்கு பழம்னு இருக்குற மாதிரி இதுக்கெல்லாம் ரெடியா மாத்து கெடையாது, நீங்களாத்தான் சொல்லணும். டாக்டர் சீட்ட ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஹெட்மாஸ்டர்கிட்ட ஒண்ணு, அமைப்பாளர்கிட்ட ஒண்ணு குடுத்துருங்க, அப்புறம் சமைக்கிற ஆயாகிட்ட (நம்ம வீட்டு ஆயா இல்ல, சத்துணவு ஆயா) நேர்லயும் சொல்லிருங்க, ஏன்னா கரண்டி அவங்க கையிலதான் இருக்கு. சர்க்கரைக்கு ஊசி போடுற பிள்ளைன்னா எத்தன மணிக்கு சாப்பாடுங்கிறதையும் கேட்டு வச்சுக்கங்க, ஊசி நேரம் அதப் பொறுத்துதான்.

பிள்ளைங்களுக்குப் போடுறதுக்கு முன்னாடி பள்ளி மேலாண்மைக் குழுவுல உள்ளவங்க, வாத்தியார் ஒருத்தராவது சேர்ந்து ரெண்டு மூணு பேர் ருசி பாக்கணும்னு விதிமுறை இருக்கு. அந்தக் குழுவுல பெற்றோரும் உண்டு, அப்ப ஒத்துக்காத விசயத்தையும் அங்கயே பேசிக்கலாம்.

அரிசி வரல, கேஸ் இல்ல, ஆயா லீவுன்னு ஒரு நாள் சாப்பாடே போடலன்னா, 8ம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு அந்த நாளுக்கு உண்டான தானியமும் சமையல் செலவும் அடுத்த மாசம் 15ம் தேதிக்குள்ள குடுத்தாகணும். கேட்டு வாங்குங்க.