ரெக்லமேஷன்: நிலச் சீரமைப்பா, காடு மீட்பா?

சுரங்கத்துக்காகத் தோண்டிக் குலைத்த நிலத்தை மறுபடியும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ‘ரெக்லமேஷன்’ என்கிறார்கள். இதன் வேர் ‘எதிர்த்துக் கூவுதல்’ என்று பொருள்படும் ‘ரெக்லாமாரே’ என்னும் இலத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பறக்கவிட்ட வேட்டை வல்லூறைக் கூவி அழைத்துக் கைக்குத் திருப்புவதை அது குறித்தது. பின்னர்ப் பழக்குதல் என்றாகி, காட்டையும் சதுப்பையும் திருத்திக் கழனியாக்குவதற்கும் பெயராயிற்று. காட்டை அழித்த செயலுக்கும் அதைத் திரும்பக் கொணரும் செயலுக்கும் ஒரே சொல் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் இந்தச் சிக்கலை மண்ணிலேயே காணலாம். நிலக்கரிச் சுரங்கங்களுக்காக 1977-இல் வந்த கூட்டரசுச் சட்டத்துக்குப் பின், மண் சரியக்கூடாது, அரிக்கக்கூடாது என்பதே முதற்கவலையானதால், நிரப்பிய மண்ணைப் புல்டோசர்கள் திரும்பத் திரும்ப ஓடி இறுக்கின. அதன்மேல் வேகமாகப் படரும் அயற்புற்களை விதைத்தார்கள். பார்வைக்குப் பசுமைதான். ஆனால் வேர் இறங்க வழியில்லை, மழைநீரும் உள்ளே செல்லவில்லை, தப்பிய கன்றுகளையும் புல் அமுக்கிவிட்டது. சட்டப்படி ‘ரெக்லமேஷன்’ நிறைவேறியது. ஓக்கும் ஹிக்கரியும் நின்ற காடு வரவில்லை.

தமிழில் ‘மீள்’ என்னும் வேரிலிருந்து பிறந்த ‘மீட்பு’ இவ்வளவு நெகிழ்வானதன்று. அடகு வைத்த நகையை மீட்டேன் என்றால் அதே நகை கைக்கு வந்திருக்க வேண்டும். அதன் எடைக்கு வேறொரு நகை கிடைத்தால் அதை யாரும் மீட்பு என்பதில்லை. ஆகவே மண்ணைச் சமன்செய்து புல் போர்த்துவதை ‘நிலச் சீரமைப்பு’ என்றும், அந்த மண்ணுக்குரிய மரங்களைத் திரும்பக் கொணர்வதைக் ‘காடு மீட்பு’ என்றும் பிரித்து வழங்குவதே முறை. ‘நில மீட்பு’ என்பது ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு ஏற்கெனவே ஊன்றிவிட்டதால் இங்கே பொருந்தாது. ‘காடு வளர்ப்பு’ தைலமரத் தோப்புக்கும் செல்லும்.

அப்பலாச்சியாவில் 2004 முதல் பரப்பப்பட்டுவரும் முறை ‘காடு மீட்பு’ என்ற பெயருக்கு உரியது. குறைந்தது 4 அடி ஆழத்துக்கு மேல்மண்ணோ, வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறிய மணற்பாறைத் தூளோ இட்டு, அதை இறுக்காமல் மேடுபள்ளமாகவே விடுகிறார்கள். மரக்கன்றோடு போட்டியிடாத செடிகளை மட்டும் விதைத்து, உள்ளூர் மரக்கன்றுகளைக் கையால் நடுகிறார்கள். முன்பே இறுகிப்போன நிலமானால், புல்டோசரின் பின்னால் பூட்டிய நீண்ட இரும்புக் கொழுவால் ஆழக் கீறிய பிறகே கன்று இறங்குகிறது.