பனிப்புகை: ‘ஸ்மாக்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

‘ஸ்மாக்’ ஓர் ஒட்டுச்சொல். ஆங்கிலத்தில் புகையைக் குறிக்கும் ‘ஸ்மோக்’, மூடுபனியைக் குறிக்கும் ‘ஃபாக்’ இரண்டையும் சேர்த்துச் செய்தது. 1905-இல் லண்டனில் நடந்த பொதுச் சுகாதார மாநாடு ஒன்றில் ஹென்றி டே வோ என்ற மருத்துவர் பயன்படுத்திய பிறகு இது பரவலானது. அந்நகரின் வீடுகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரிப் புகை குளிர்காலத்து மூடுபனியோடு கலந்து நிற்பதைச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. அதே லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நின்ற ஸ்மாக்கால் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின.

தமிழில் இதற்குப் புகைமூட்டம், புகைப்பனி, பனிப்புகை என மூன்று சொற்கள் வழங்குகின்றன. புகைமூட்டம் பொதுவான சொல். குப்பை எரிந்தாலும், குடோன் தீப்பிடித்தாலும் அதுதான். மற்ற இரண்டில் பனிப்புகையே சரி என்பது என் கருத்து. தமிழில் இரண்டு சொல் சேர்ந்த தொகைச்சொல்லில் முதன்மைப் பொருள் பெரும்பாலும் பின்சொல்லில்தான் நிற்கும். தயிர்ச்சோறு என்றால் தயிர் கலந்த சோறு. அப்படியே பனிப்புகை என்றால் பனி கலந்த புகை. புகைப்பனி என்று சொன்னால் பனி முதன்மையாகி, ஏதோ இயற்கையாக வந்தது போல ஆகிவிடும். பனியை யாரும் உண்டாக்குவதில்லை. புகையை யாரோ மூட்டியிருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு காவிரி டெல்டாவில் நன்றாகவே தெரியும். முன்பனிக்காலம் மார்கழி, தை. பின்பனிக்காலம் மாசி, பங்குனி. சம்பா, தாளடி அறுவடையும் தை, மாசியை ஒட்டித்தான் வருகிறது. அறுவடை மிஷின் ஓடிய வயலில் வைக்கோல் சிதறிக் கிடக்கும். கட்டும் மிஷின் கிடைத்தவர்கள் கட்டி விற்கிறார்கள், கிடைக்காத இடத்தில் தீ வைக்கிறார்கள். செங்கல் சூளைகளுக்கும் மழை விட்ட பிறகுதான் தீ மூட்டுவார்கள். ஆக, புகை கூடுவதும் பனி இறங்குவதும் ஒரே பருவத்தில்.

வானம் தெளிவாக, காற்றும் அடங்கியிருக்கும் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்கும். பொதுவாக மேலே போகப் போகக் குளிரும். இங்கே அது தலைகீழ். கீழே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது, மேலே எழாது. அதிலுள்ள புகையும் எழாது. வாய்க்காலும் ஈர வயலும் நிறைந்த ஊரில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம் புகையின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. புகை கூடினால் துளிகளும் கூடி, மூட்டம் அடர்கிறது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் இது கலையும்.

மற்ற மாதங்களில் இந்த நிலை குறைவு. ஆடியில் அம்மியையே நகர்த்தும் மேற்குக் காற்று புகையைக் கடலுக்குத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை துகள்களைக் கழுவி இறக்கிவிடும்.

இடத்துக்கு இடமும் மாறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று வந்து துடைத்துவிடும். உள்ளே தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அது வந்து சேரும்போது வலுக்குறைந்திருக்கும். உமி எரிக்கும் அரிசி ஆலைகளின் அருகிலும், லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை ஓரத்திலும் புகை கூடுதல். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் இருப்பதால் அங்கே தூசிதான் பெரிய பிரச்சினை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அனல் மின் நிலையங்களும் வடக்கேதான் இருக்கின்றன. தை மாதக் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவது, அதனால் அந்தப் புகை டெல்டா பக்கம் வரக்கூடும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்மாக்கில் இன்னொரு வகையும் உண்டு. 1940-களில் லாஸ் ஏஞ்சலஸில் கண்ணெரிச்சல் தந்த மூட்டத்தில் பனியே இல்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குவதே காரணம். இதையும் பனிப்புகை என்பது பொருந்தாது. ஒளிவேதிப் புகைமூட்டம் எனலாம்.

டெல்டாவின் காலை மூட்டத்துக்கு எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால் மூக்கே சொல்லிவிடும். வெறும் மூடுபனி வெள்ளையாக இருக்கும், அதில் வாடை இருக்காது. பனிப்புகை சாம்பல் நிறத்தில் இருக்கும். கருகிய வாடை வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அப்படி இருக்கும் நாளில் ‘கடும் பனிமூட்டம்’ என்று செய்தி எழுதுவது தவறு. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் அன்று வெயில் ஏறிய பிறகு வெளியே போவது நல்லது.