பத்திரத்தை எடுத்துக்கொண்டு மற்றதை எரிப்பவர்களுக்கு

சில வாரங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் லேமினேட் செய்த கிரயப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1880களில் எழுதியது. விக்டோரியா ராணியின் தலை பொறித்த முத்திரைத்தாள். பிளாஸ்டிக்குக்குள் காற்றுக் குமிழிகள். மடிப்பில் உதிர்ந்த துணுக்குகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதில், நான்கெல்லையில் வடக்கே இருந்தது யாருடைய நிலம் என்பது போயே போய்விட்டது. இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். இதோடு வேறு என்ன இருந்தது என்று கேட்டபோதுதான் அந்தப் பதில் வந்தது: "ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது ஐயா. பழைய கணக்கு, கடுதாசி, துண்டுச் சீட்டு. இது ஒன்றுதான் பத்திரம். மற்றதையெல்லாம் போகிக்கு எரித்துவிட்டோம்."

பழைய காகிதங்களைச் செப்பனிடும் தொழிலில் இருப்பவர்கள் யாரும் இதைக் கேட்டு அதிர மாட்டார்கள். போகி, வீடு இடிப்பு, பாகப்பிரிவினை, வெள்ளையடிப்பு என்று சாக்கு மட்டும் மாறும். 'பத்திரத்தை எடுத்துக்கொண்டோம், மற்றது குப்பை' என்ற தீர்ப்பு மாறுவதே இல்லை. எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்லப்போகிறேன்.

ஆவணப் பதிவுக்கான சட்டம் 1864-இல் வந்தது. அதற்குப் பிறகு நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலக் கிரயத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவுக்கு வந்த பத்திரத்தை வரி விடாமல் கையால் பெயர்த்து எழுதிப் பதிவு அலுவலகப் புத்தகத்தில் வைத்தார்கள். அதாவது, நீங்கள் பிளாஸ்டிக்கில் சமாதி கட்டிக் கொண்டுவரும் அந்தப் பத்திரத்துக்கு ஏற்கெனவே இன்னொரு பிரதி அரசாங்கத்திடம் இருக்க வாய்ப்புண்டு. மனுப் போட்டு, கட்டணம் கட்டி, கொஞ்சம் அலைந்தால் நகல் கிடைக்கலாம். எரித்தீர்களே அந்தக் கணக்கு நோட்டு, அதற்கு எங்கே நகல் இருக்கிறது? உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சிட்டை, அந்த அன்றாடக் கணக்கு, எந்தப் பதிவு அலுவலகத்தில் ஏறியது? பேரேடும், குத்தகைச் சீட்டும், கடிதமும் உலகத்தில் ஒரே ஒரு பிரதியாக இருந்தவை. இரண்டு பிரதி உள்ளதைக் காப்பாற்றிவிட்டு, ஒரே பிரதியை நெருப்பில் போட்டிருக்கிறீர்கள்.

பதிவுச் சட்டத்துக்கு முந்தைய பத்திரம் என்றால் கதை வேறு. அதற்கும் பெரும்பாலும் வேறு பிரதி கிடையாது. அப்படிப்பட்டதையும் லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள் என்பதைத் தனியாகப் புலம்பிக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு விவசாயக் குடும்பம் ஒன்றின் பெட்டியில் என்னென்ன இருக்கும்? கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை, ரயத்துவாரிப் பட்டா, கிஸ்தி (நிலவரித் தவணை) ரசீது, முச்சலிக்கை (ஒப்பந்த உறுதிச் சீட்டு), புரோநோட்டு, கோர்ட்டுச் சம்மன், ஜாதகக் கட்டு, மொய்க் கணக்கு, மாட்டு வைத்தியக் குறிப்பு, காலணாத் தபால் கார்டு. இவற்றில் 'பத்திரம்' என்று தேறுவது முதல் மூன்றுதான். அவை நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் என்ன விளைந்தது, யார் உழுதார்கள், மழை பொய்த்தபோது வீட்டில் எதை விற்றார்கள் என்பதற்குப் பத்திரத்தில் ஒரு வரிகூட இருக்காது.

சேலம் பக்கத்துப் புன்செய்க் குடும்பம் ஒன்றின் நாள் கணக்கு செப்பனிட வந்தது. பசலி 1286, தாது வருடம் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1876. இரண்டு பருவமழையும் பொய்த்த ஆண்டு, தாது வருஷப் பஞ்சம். ஆடி மாதத்துப் பக்கங்களில் கம்பும் ராகியும் வள்ளம் வள்ளமாக ஆட்களுக்கு அளந்த கணக்கு நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. ஐப்பசிக்குப் பிறகு அளவு வள்ளத்திலிருந்து படிக்கு இறங்குகிறது. எருது விற்ற வரவு. அடுத்த பக்கத்தில் இன்னொரு எருது, முன்னதில் பாதி விலைக்கும் குறைவாக. வெண்கலப் பானை ஒன்று, செம்பு இரண்டு, அடகுக்கு வந்தவை. தை மாதத்தில் ஆட்களின் பெயர்கள் வழக்கம்போல வரிசையாக இருக்கின்றன. எதிரே அளவு இல்லை. இரண்டு பெயர்களுக்கு நேரே மட்டும் 'ஊரில் இல்லை' என்று இருக்கிறது. செத்தார்களா, பிழைக்கப் போனார்களா என்று எழுதவில்லை. எழுதியவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

இந்த நோட்டைத்தான் வீட்டார் கடைசி வரை தரத் தயங்கினார்கள், 'வெறும் தானியக் கணக்கு, உங்களுக்கு எதற்கு வீண் வேலை' என்று.

அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். படியாளுக்கும் பண்ணையாளுக்கும் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அவர்களுடைய கொள்ளுப் பேரன் இன்று தன் முன்னோரின் பெயரைத் தேடினால், அது எழுத்தில் இருக்கக்கூடிய இடம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டுதான். நோட்டு உங்களுடையது, சரி. அதில் உள்ள வரலாறு உங்களுடையது மட்டும் இல்லை. ஆள் அடமானம், ஆள் கடன் என்று சங்கடமான சீட்டுகளும் சில பெட்டிகளில் இருக்கும். மானம் போகும் என்று அதைமட்டும் கிழித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே காட்ட மனமில்லை என்றால் கட்டி வையுங்கள். கிழிக்காதீர்கள்.

'கோர்ட்டில் செல்லுமா' என்பது அடுத்த கேள்வி. நான் வக்கீல் இல்லை. ஆனால் முப்பது ஆண்டு கடந்த ஆவணம் இருக்கவேண்டியவர்களிடம், இருக்கவேண்டிய இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தை உண்மையென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே சொல்லியிருந்தது. 2024-இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் அதையே சொல்கிறது. எந்தக் கட்டில், எதற்கு அடுத்து, எந்தத் துணியில் இருந்தது என்பதற்கு அதனால் சட்டத்திலும் மதிப்புண்டு. நீங்கள் கட்டைப் பிரித்து, ஆறு பிள்ளைகளுக்கும் நினைவாக ஆளுக்கொரு தாள் கொடுத்த பிறகு அந்த இடம் எங்கே போயிற்று? நிலத்தைப் பாகம் பிரிக்கலாம். பேரேட்டைப் பிரித்தால் ஆறு பேரிடமும் ஒன்றும் இருக்காது.

எழுத்து புரியவில்லை என்று எறிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கிரந்தமோ, சித்தர் பரிபாஷையோ, புதையல் குறிப்போ இல்லை. (புதையல் என்று நம்பி ரகசியமாக வந்து, நெல் கணக்கு என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போனவர்கள் உண்டு.) மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத பழைய கை எழுத்து, அவ்வளவுதான். எண்கள் தமிழ் எண்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱. ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஒரு வாரம் உட்கார்ந்தால் கண் பழகிவிடும். தேதியில் மட்டும் அவசரப்படாதீர்கள். வெறும் 'தாது வருடம்' என்றால் அது 1816 ஆகவும் இருக்கலாம், 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். பசலியோ, தென்கோடி மாவட்டங்களில் கொல்லம் ஆண்டோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வராகன், பணம் என்ற நாணயக் கணக்கு வந்தால் பெரும்பாலும் பழையது. ரூபாய், அணா, பைசா வந்தால் பிந்தியது.

இப்போது செய்யக்கூடாதவை. லேமினேட் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது அநேகமாக நடக்காத காரியம். ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பார்த்தவைதான். அந்த வினையை எங்கள் துறை இன்றும் பிரித்துக்கொண்டிருக்கிறது. செல்லோ டேப் கூடாது. ஃபெவிகால் கூடாது. ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் மூன்றும் கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள் என்று எங்கோ கேட்டுவிட்டுக் காகிதத்துக்கும் தடவுகிறார்கள். ஓலை வேறு, காகிதம் வேறு. எண்ணெய் பட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தண்ணீர் தொட்டுத் துடைப்பது அதைவிட மோசம். அந்தக் கால மைகளில் அன்னபேதியும் (இரும்பு உப்பு) கடுக்காயும் சேர்ந்தவை உண்டு. ஈரம் பட்டால் மை தாளையே அரிக்கும். சில கையெழுத்துகள் மைப் பென்சிலில் போட்டவை. நனைந்தால் ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும். ஒட்டிக்கொண்ட மடிப்பை விரலால் பிரிக்கவும் வேண்டாம். பழைய கந்தல்துணிக் கூழ்த் தாள் ஓரளவு வளையும். பிந்தைய மரக்கூழ்த் தாள் அப்பளமாக நொறுங்கும். மடிந்தே இருக்கட்டும்.

முத்திரைத் தலையை மட்டும் வெட்டி விற்பவர்களிடம் எனக்கு மரியாதை கிடையாது. தபால்தலை சேகரிப்பவர் ஒருவர் நல்ல விலை கொடுக்கிறார் என்று பத்திரத்தின் மேல்பகுதியையும், 1879-இல் வந்த காலணா கார்டின் மூலையையும் கத்தரிக்கிறார்கள். கார்டில் தேதி இருந்ததே அந்தத் தபால் முத்திரையில்தான். முழுத்தாளாக விற்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களும் கேளுங்கள்: வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டைத் தாண்டிவிட்டால் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். தனியாள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

செய்யவேண்டியவை அதிகம் இல்லை, செலவும் இல்லை. பெட்டியைத் திறந்ததும் எதையும் இடம் மாற்றாமல் முதலில் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக, நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். இரண்டு பக்கமும் எடுங்கள். எழுத்தில்லாத பக்கம் என்று தோன்றினாலும் எடுங்கள். புரோநோட்டின் முன்பக்கம் கடன் வாங்கியதைத்தான் சொல்லும். எந்த அறுவடைக்கு எவ்வளவு கட்டினார் என்பது பின்பக்கத்தில் வரவு வைத்த சின்ன வரிகளில் இருக்கும். எண் போடவேண்டுமா, தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். தாளின் மேல் பேனா படக்கூடாது. துவைத்த, கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் கட்டுங்கள்; கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சிக்கு நீங்களே விருந்து வைத்ததாகும். பரணில் வேண்டாம், சமையலறைச் சுவரை ஒட்டி வேண்டாம், தரையில் வேண்டாவே வேண்டாம். கரையானுக்கு வேறு வேலை இல்லை. மழைக்காலம் முடிந்ததும் நிழலில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும் என்று பயந்துதான் பலர் வாயே திறப்பதில்லை. ஒப்படைக்க வேண்டியதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன், தமிழக வேளாண் வரலாறு தொடர்பான இப்படிப்பட்ட தனியார் ஆவணங்களைப் படியெடுத்திருக்கிறது. ஓலையா காகிதமா, வீட்டுக் கணக்கா என்பதைப் பொறுத்துச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ கேட்டுப்பாருங்கள். கேட்பதற்கு முன் சுத்தம் செய்யாதீர்கள், தயவுசெய்து. தூசியோடு கொண்டுவாருங்கள்.

கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) வேலை பார்த்த குடும்பங்களுக்கு மட்டும் ஒன்று. பழைய கிராம அதிகாரிப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது ஊர் அடங்கலும் (சாகுபடிப் பதிவேடு) கணக்கும் பல வீடுகளிலேயே தங்கிவிட்டன. அவை அரசு ஆவணங்கள். உங்கள் வீட்டுக் காகிதத்தோடு கலக்காமல் தனியாகக் கட்டி வைத்துவிட்டு, மாவட்ட நிர்வாகத்திடமோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திடமோ பேசுங்கள். எடைக்குப் போடும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டவர்கள் ஓரத்தைக் கத்தரித்துப் பிரிக்க முயலவேண்டாம், இஸ்திரிப் பெட்டி வைக்கவும் வேண்டாம். நல்ல தெளிவாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் படாமல் தட்டையாக வையுங்கள். பதிவான பத்திரம் என்றால் ஆவண எண், ஆண்டு, பதிவு அலுவலகத்தின் பெயர் மூன்றும் பின்பக்க முத்திரையில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போய் நகலுக்கு மனுப் போடுங்கள். வடக்கு எல்லையில் யார் இருந்தார் என்பது அங்கேயாவது இருக்கும்.