பிழை பொறுக்கும் இரும்பு

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான், பயணப் பொதியில் இரண்டு கோல்ஃப் மட்டைகளையும் கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் 7 என்ற எண். இரண்டுக்கும் தலை இரும்பு. கோல்ஃப் ஆடுகிறவர்கள் அயர்ன் என்று சொல்வது இந்த வகையைத்தான். ஒன்றின் தலை மெல்லியது, பின்புறம் வழுவழுவென்று கத்தி அலகு போல இருந்தது. மற்றதன் பின்புறத்தை நடுவில் குடைந்துவிட்டிருந்தார்கள். சுற்றிவர வயலுக்கு வரம்பு கட்டியது போல இரும்பு தடித்திருந்தது. அடிப்பக்கமும் நல்ல அகலம்.

பாசிக்குடா ஹோட்டலொன்றில் வேலை செய்யும் என் மருமகனுக்குக் கொஞ்ச நாளாகவே கோல்ஃப் ஆசை. படுவான்கரையில் எங்களுக்கு ஒரு மானாவாரி வயல் இருக்கிறது. பெரும்போகம் வெட்டியபின் அது வெறுமனே கிடக்கும். ஆளோ மாடோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அங்கே அவனை அடிக்கவிட்டோம். கத்தி அலகால் அடித்ததில் ஒழுங்காகப் பறந்தது இரண்டோ மூன்றோதான். வரம்பு கட்டியதால் அடித்தபோது பாதிக்கு மேல் பறந்தன.

"மாமா, இதுக்குள்ள ஸ்பிரிங் ஏதும் வெச்சிருக்கா?" என்று கேட்டான்.

உள்ளே எதுவும் இல்லை. இரும்பை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டெனிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிய எல்லோருக்கும் இது கையில் தெரிந்த விஷயம். துடுப்பின் நடுவில் பந்து பட்டால் பட்டதே தெரியாது. ஓரத்தில் பட்டால் துடுப்பு கைக்குள் திருகும், பந்தும் சோர்ந்து போகும். பந்துக்குப் போகவேண்டிய விசையில் ஒரு பங்கு துடுப்பைச் சுழற்றுவதில் வீணாகிவிடுகிறது. கோல்ஃப் மட்டையிலும் நடப்பது அதேதான். ஆனால் பந்தும் தலையும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் 2000-இல் ஒரு பங்கு அளவுதான். அந்த நேரத்துக்குள் கையை இறுக்கிப் பிடித்துத் திருகலை நிறுத்த மனிதனால் முடியாது. நிறுத்துவதென்றால் தலையேதான் நிறுத்தவேண்டும்.

எப்படி? சைக்கிளில் சந்தைக்குப் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். ஐந்து கிலோ அரிசியை ஹாண்டிலின் நடுவில் கட்டினால் ஹாண்டில் இலகுவாகத் திரும்பும். அதே அரிசியை இரண்டாகப் பிரித்து இரு பிடிகளின் நுனியில் தொங்கவிட்டால், திருப்பவும் கஷ்டம், திரும்பியதை நிறுத்தவும் கஷ்டம். எடை கூடவில்லை, அச்சிலிருந்து விலகிப் போயிருக்கிறது. சுழற்சியை எதிர்க்கும் இந்தக் குணத்துக்குச் சடத்துவத் திருப்பம் என்று பெயர். தூரத்தை அதே தூரத்தால் பெருக்கித்தான் இதைக் கணக்கிடுகிறோம். அதனால் எடையை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. நடுவைக் குடைந்தெடுத்த இரும்பை ஓரங்களுக்கு அனுப்பினால் தலை திருகாமல் நிற்க முயலும். பின்புறம் குடைந்த இந்த மட்டையை கேவிட்டி பேக் என்றும், குடையாத மெல்லியதை பிளேட் என்றும் சொல்வார்கள்.

இந்த எண்ணத்தை மட்டைகளில் பெரிதாகக் கொண்டுவந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியியலாளர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்தபோது, நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் பழகினார். பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் சிறு மட்டையோடு பட்ட பாட்டில், எடையை இரு நுனிகளுக்கும் ஒதுக்கி 1959-இல் தானே ஒன்றைச் செய்தார். பந்தில் பட்டதும் அது எழுப்பிய 'பிங்' என்ற சத்தமே நிறுவனத்தின் பெயராயிற்று. பிறகு அதே எண்ணத்தை அயர்ன் மட்டைகளுக்கும் கொண்டுவந்தார்.

பழைய மட்டைகளைச் சுத்தியலால் அடித்தே உருவாக்கினார்கள். அடித்துச் செய்யும் இரும்பில் ஆழமாகக் குடைவதும், ஓரத்தை மட்டும் தடிப்பாக்குவதும் இலகுவல்ல. அதற்கு வார்ப்பு வேண்டும்: மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சுப் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகிப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சோழர் காலத்து நடராசர் செம்புத் திருமேனிகள் பிறந்ததும் மெழுகு வார்ப்பில்தான். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகும் வழியில் பொலன்னறுவை வருமே, அங்கே கண்டெடுத்து இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கும் சிலைகளுக்கு முன்னால் அடுத்த முறை நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்த நினைப்பே மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, குடைந்த மட்டை எவ்வளவு பிழை பொறுக்கும்? உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். தலை 265 கிராம், பந்து விதிப்படி அதிகபட்ச எடையான 45.93 கிராம். பந்து நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீற்றர் நுனிப்பக்கமாகப் படுகிறது. பிளேட்டின் சடத்துவத் திருப்பம் 2000, குடைந்ததன் சடத்துவத் திருப்பம் 2800 கிராம் சதுர சென்டிமீற்றர் என்று வைத்துக்கொண்டேன். திருகலால் மட்டும் பிளேட் பந்தின் வேகத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தை இழக்கிறது, மற்றது 3 சதவீதத்தை. அவ்வளவுதான்! முகத்தகடு நடுவைவிட ஓரத்தில் குறைவாகத் துள்ளும் என்பதையும் சேர்த்தால் நிஜத்தில் இழப்பு இன்னும் கூடும். ஆனாலும் என் மருமகனின் பந்துகளுக்கு நடந்ததை இந்த ஒரு சதவீதம் விளக்காது.

அதனால் வேறிடத்தில் தேடவேண்டியதாயிற்று. பந்தில் மார்க்கர் பேனாவால் ஒரு பெரிய புள்ளி வைத்து, அந்தப் புள்ளியை மட்டைப் பக்கம் திருப்பி அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு அடிக்கும் மட்டையின் முகத்தில் மை ஒட்டியது. அவனுடைய அடையாளங்கள் இடம் வலமாக அதிகம் சிதறவில்லை. எல்லாமே கீழே, அடி விளிம்பை ஒட்டியே கிடந்தன.

ஏன் கீழே? பந்தின் விட்டம் 4.27 சென்டிமீற்றர். மட்டையின் முகம் சுமார் 30 பாகை சாய்ந்திருந்தால், அது பந்தை நடுவில் தொடாது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றர் உயரத்தில் தொடும். தலையின் ஈர்ப்பு மையமோ இரண்டு சென்டிமீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. ஆகவே மட்டை புல்லை மட்டும் உரசிக்கொண்டு வந்தால், பந்து ஈர்ப்பு மையத்துக்குக் கீழேதான் படும். தேர்ந்தவர்கள் பந்தை அடித்த பிறகு மண்ணைச் சீவுவதன் காரணம் இதுதான். தலை இன்னும் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தொடுவதால், பந்து முகத்தில் சற்று மேலே, மையத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

இதில் இன்னொரு பாதகமும் உண்டு. தலை இடம் வலமாக நீளம், உயரத்தில் குட்டை. உயரவாக்கில் எடையைத் தள்ளி வைக்க இடமே இல்லை. ஆகவே முன்பின்னாகச் சாயும் திருகலுக்கு எதிர்ப்பு மிகக் குறைவு. ஒரு சென்டிமீற்றர் கீழே தவறுவது, ஒன்றரை சென்டிமீற்றர் பக்கவாட்டில் தவறுவதைவிட மோசமாகலாம். இதற்கு மருந்து ஈர்ப்பு மையத்தையே கீழே இறக்குவது. அடிப்பக்கத்தை அகலமாக்கி இரும்பை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதால் அது நடக்கிறது.

அகன்ற அடி இன்னொரு வேலையும் செய்கிறது. கல்லடிக் கடற்கரை மணலில் சைக்கிளை உருட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மெல்லிய சில்லு புதையும், தடித்த சில்லு மேலே போகும். புதிதாகப் பழகுகிறவர் அடிக்கடி பந்துக்குப் பின்னாலேயே மண்ணை அடித்துவிடுவார். மெல்லிய அடி மண்வெட்டி போல வெட்டி இறங்கி நின்றுவிடும். அகன்ற அடி சறுக்கிக்கொண்டு பந்தைப் போய்ச் சேரும். ஹாண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் எண், ஆட்டம் தேறத் தேறக் குறையும். அது அதிகமாயிருப்பவருக்கு, அதாவது உச்ச வரம்பான 54-க்குப் பக்கத்தில் நிற்பவருக்கு, பின்புறக் குடைவைவிட இந்த அகலமே பெரிய உதவி என்பது என் முடிவு.

ஆனால் எங்கள் பக்கத்து நிலத்தை மறந்துவிடக் கூடாது. ஆடி, ஆவணியில் கிழக்கின் களிமண் வயல் இறுகிப் பாறையாகிவிடும். அதில் மிக அகன்ற அடி துள்ளியெழுந்து பந்தின் வயிற்றில் மோதும். பந்து தரையோடு ஓடும். எங்கள் வயலிலும் சில பந்துகள் அப்படித்தான் போயின. ஈரப் புற்தரைக்கும் மணலுக்கும் அகலம் நல்லது. காய்ந்த கட்டாந்தரையில்தான் பெரும்பாலும் ஆடப்போகிறீர்கள் என்றால் நடுத்தர அகலமே போதும்.

வாங்கப் போகும்போது மட்டையில் எழுதிய எண்ணை நம்பாதீர்கள். எண் குறையக் குறைய முகத்தின் சாய்வும் குறையும், பந்து கூடத் தூரம் போகும். பழைய 7-இன் முகம் 35 பாகை அளவில் சாய்ந்திருக்கும். இன்றைய குடைந்த வகைகளில் 30 பாகை, அதற்கும் குறைவாகக்கூட உண்டு. "இந்த 7 எவ்வளவு தூரம் போகுது பாருங்கள்" என்று கடைக்காரர் காட்டுவதில் ஒரு பங்கு இந்தச் சாய்வுக் குறைப்பால் வருவது. அதே மட்டையில் பழைய ஆட்களுக்கு 6 என்றோ 5 என்றோ எழுதியிருக்கும். சாய்வு எத்தனை பாகை என்றே கேளுங்கள். முகத்தைத் தண்டுக்குச் சற்றுப் பின்னால் தள்ளிப் பொருத்திய மட்டை, வலக்கைக்காரரின் பந்து வலப்பக்கம் வளைவதை ஓரளவு குறைக்கும். 3, 4 எண் அயர்ன்களை வாங்கவே வேண்டாம். அந்தத் தூரத்துக்கு, அயர்னுக்கும் பெரிய தலை கொண்ட உட் மட்டைக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் எவ்வளவோ இலகு. விதி 14 மட்டைகளை அனுமதித்தாலும் பழக ஐந்தாறு போதும்.

எங்கள் ஊரில் கோல்ஃப் மட்டை பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பழையதாகத்தான் வந்து சேரும். அப்படி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நீளம்: 7 அயர்ன் வழமையாக 37 அங்குலம் அளவில் இருக்கும், உயரமான ஒருவருக்காக நீட்டியது உங்களுக்குச் சரிவராது. இன்னொன்று, பிடியின் றப்பர் வெயிலில் காய்ந்து கட்டியாகிவிட்டதா என்பது. ஆனால் பிடியை மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக, துரு. அடித்துச் செய்த பிளேட்டுகள் பெரும்பாலும் சாதாரண உருக்கில் குரோம் பூசியவை. பூச்சு உரிந்த இடத்தை எங்கள் உப்புக்காற்று சும்மா விடாது. வார்த்த மட்டைகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கு.

பொழுதுபடும் நேரத்தில் மருமகன் பந்தைத் தன் இடது காலிலிருந்து நடுவுக்கு நகர்த்தி வைத்து, குடைந்த மட்டையால் இன்னும் சில அடித்தான். கடைசி மை அடையாளம் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே ஏறியிருந்தது. மச்சான் அந்த மட்டையை அவனிடமே விட்டுவிட்டுப் போனார். திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் திடல் இருக்கிறது, எங்களுக்குக் கிட்டியது அதுதான். லீவு கிடைத்ததும் ஏ15 வீதியால் அங்கே போய்வருவதென்று இருக்கிறான். மார்க்கர் பேனாவையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.