பார்ட் டைம் சம்பளத்தை வரவில் எழுதாதீர்கள்

ஏப்ரலில் தொடங்கி ஜூலை முடியும் வரை எங்கள் ஈரோடு அலுவலகத்துக்கு ஐ.டி. ரிட்டர்னோடு இன்னொரு வேலையும் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகும் பிள்ளைகளின் விசா ஃபைலுக்கு, குடும்பத்தின் சொத்து மதிப்பைக் காட்டும் நெட் வொர்த் சர்டிஃபிகேட் போட்டுக் கொடுப்பது. வீட்டுப் பத்திரம், காட்டுப் பட்டா, எஃப்.டி. ரசீது, நகை மதிப்பீடு என்று மேசை நிறையப் பரப்பி வைப்பார்கள்.

சர்டிஃபிகேட்டுக்கு அவை போதும். ஆனால் நான் கூடவே ஒன்று கேட்பேன்: “ரெண்டு வருஷத்துக்கு வரவு செலவு எழுதி வெச்சிருக்கீங்களா?” பெரும்பாலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு நோட்டுப் பக்கம் வெளியே வரும். செலவுப் பக்கத்தில் குறை இருக்காது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் அதுவே போட்டிருக்கும் தொகையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். இடிப்பது வரவுப் பக்கம். ‘கல்விக் கடன்’, ‘சேமிப்பு’ என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே ‘பார்ட் டைம் – மாதம் 1,50,000’ என்று ஒரு வரி. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “கன்சல்டன்சியில சொன்னாங்க சார். அங்க போயிட்டா பையன் பாத்துக்குவானுங்க” என்பார் அப்பா. பையன் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வரியை அடித்துவிட்டு, முதல் செமஸ்டர் கணக்கை அது இல்லாமல் போட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் போவார்கள்.

சட்டப்படி கிடைக்கக்கூடிய அதிகபட்சத்தையே எடுத்துக்கொள்வோம். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், அதுவும் கேம்பஸுக்குள். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. மாநிலத்தைப் பொறுத்து இது கூடும். நாம் தாராளமாக 12 டாலர் என்று வைத்தால் வாரம் 240, நான்கு வாரத்துக்கு 960. ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று கைக்கணக்குப் போட்டால் 86,400 ரூபாய். இது ஒரு வாரம்கூட லீவு விடாமல், 20 மணி நேரமும் ஷிஃப்ட் கிடைத்தால். பகிர்ந்துகொண்ட அறைக்கு வாடகை, மளிகை, போன், பஸ் இவற்றோடு அது தீர்ந்துவிடும். செமஸ்டர் ஃபீஸுக்கு அதிலிருந்து எதுவும் நகராது.

தொகையைவிடப் பெரிய சிக்கல், அது எப்போது கைக்கு வருகிறது என்பது. ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது. விண்ணப்பித்து, நேர்காணல் முடிந்து, செப்டம்பர் நடுவில் ஒரு வேலை அமைகிறது என்று கொள்வோம். வேலை தருபவரின் கடிதமும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகக் கடிதமும் கையில் இருந்தால்தான், அங்கே சம்பளக் கணக்குக்குத் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட், பிறகு அட்டை தபாலில் வரக் காத்திருப்பு. சில பல்கலைக்கழகங்கள் எண் வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்க விடும். சில விடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் என்றால், செய்த வேலைக்கு அடுத்த சுற்றில்தான் பணம் ஏறும். எல்லாம் சரியாக நடந்தாலும் முதல் சம்பளம் அக்டோபரில்தான்.

ஆக, போய் இறங்கியதிலிருந்து சுமார் இரண்டு மாதம் வரவே கிடையாது. செலவோ முதல் வாரத்திலேயே குவியும். வாடகையோடு அட்வான்ஸ், மெத்தை, பாத்திரம், சில பல்கலைக்கழகங்களில் ஃபீஸ் பில்லோடு சேர்ந்தே வரும் மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவில் கிரெடிட் வரலாறு, அதாவது கடன் வாங்கிக் கட்டிய பதிவு, இல்லாதவர்களிடம் சில அபார்ட்மென்ட்காரர்கள் கூடுதல் அட்வான்ஸும் கேட்பார்கள். நான் சொல்லும் கணக்கு இது: மூன்று மாத வாழ்க்கைச் செலவு, ஒரு மாத வாடகைக்குச் சமமான அட்வான்ஸ், வீட்டுச் சாமான்களுக்கு ஒரு தொகை. வாடகை குறைந்த ஊரில் மாதம் 800 டாலர் செலவு என்றால் மூன்று மாதத்துக்கு 2,400, அட்வான்ஸுக்கு 500, சாமானுக்கு 500. மொத்தம் 3,400 டாலர், அதாவது ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். பெரிய நகரம் என்றால் இது போதாது. இந்தப் பணம் ஃபீஸுக்கு ஒதுக்கியதோடு கலக்கக் கூடாது. கையில் நோட்டாக 3,000 டாலருக்கு மேல் கொண்டுபோக ரிசர்வ் வங்கி விதி இடம் தராது. மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை தேடலை அங்கே போய்த் தொடங்கலாம் என்று இருந்துவிட வேண்டாம். கல்லூரி ஐ.டி. உயிர்பெற்ற அன்றே வேலைவாய்ப்புத் தளத்துக்குள் நுழைந்துவிடலாம். டைனிங் ஹால், நூலகம், ஜிம், பார்க்கிங் அலுவலகம் இவையெல்லாம் மாணவர்கள் வந்து குவியும் முன்பே ஆள் எடுக்கப் பார்க்கும். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பு வரை அமெரிக்காவுக்குள் போகலாம், கேம்பஸ் வேலையும் அந்த 30 நாளுக்குள் தொடங்கலாம். இரண்டு வாரம் முன்னால் போனால் வாடகை கொஞ்சம் கூடும்தான், இருந்தாலும் அது லாபம் என்பது என் கட்சி. டைனிங் ஹாலில் தட்டுக் கழுவுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் அப்பாக்களுக்கு ஒரு தகவல்: பல இடங்களில் ஷிஃப்ட் அன்று சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும்.

பேராசிரியருக்குப் பாடம் நடத்தவோ ஆராய்ச்சியிலோ உதவும் டி.ஏ., ஆர்.ஏ. என்கிற அசிஸ்டென்ட்ஷிப் கிடைத்தால் கதையே வேறு, ஃபீஸிலேயே குறையும். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பாடத்தோடு தொடர்புள்ள அசிஸ்டென்ட் வேலையை அரை நேரமாவது செய்பவருக்கு அந்த மாநில மாணவருக்குரிய குறைந்த ஃபீஸ்தான். போட்டியில் வென்ற ஸ்காலர்ஷிப் 1,000 டாலராவது இருந்தாலும் அங்கே அதே சலுகை கிடைக்க வழி உண்டு. அதனால் ‘ஆயிரம் டாலர்தானே’ என்று அந்த விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது. பேராசிரியர்களுக்கு மெயில் எழுதும்போது ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புவது வீண் வேலை. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் கடிதம் பெண் பேராசிரியருக்கும் போய்விடுகிறது. யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, உங்களால் என்ன செய்து தர முடியும் என்று நாலு வரியில் எழுதினால் திறந்து பார்க்கவாவது வாய்ப்பு உண்டு.

இப்போது சம்பளம் வராத அந்த முதல் இரண்டு மாத வறட்சியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வாடிக்கையாளரின் மகன் செப்டம்பரில் வாட்ஸாப்பில் வந்தான்: “அங்கிள், வேலை கெடச்சிருச்சு. ஆனா பேங்க்ல என்னமோ சொல்றாங்க.” கல்லூரி மெயிலுக்குப் பேராசிரியர் ஒருவர் பெயரில் கடிதம் வந்திருக்கிறது. ரிமோட் அசிஸ்டென்ட் வேலை, வாரம் 350 டாலர். அனுப்பிய முகவரி மட்டும் சாதாரண ஜிமெயில். நேர்காணல் எதுவும் இல்லை. 2,450 டாலருக்கு ஒரு செக்கின் படம் வந்தது, போனிலேயே கணக்கில் போடச் சொன்னார்கள். மறுநாள் பேலன்ஸில் தொகை தெரிந்தது. “உன் சம்பளம் 350-ஐ வைத்துக்கொள், மீதி 2,100-ஐ லேப் உபகரணம் விற்பவருக்கு உடனே அனுப்பு” என்றது அடுத்த மெயில். இவனும் அனுப்பிவிட்டான். சில நாள் கழித்து அந்த செக் போலி என்று திரும்பியது. வங்கி 2,450-ஐயும் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. போன 2,100 அப்பா ஃபீஸுக்கு அனுப்பிய பணம்.

செக் போட்டால் சில நாளில் பணத்தைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது அமெரிக்க வங்கி விதி. செக் போலி என்று தெரியவர வாரக்கணக்கில்கூட ஆகலாம். மோசடிக்காரர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். பேலன்ஸில் தெரிவதும் செக் பாஸ் ஆவதும் வேறு வேறு. வேலை கொடுத்தவர் தான் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு அனுப்பச் சொன்னால், அல்லது கிஃப்ட் கார்டு வாங்கச் சொன்னால், அது மோசடி. விதிவிலக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

இரண்டாவது பள்ளம், கேஷ் ஜாப், அதாவது அனுமதியில்லாமல் கணக்கில் வராமல் பார்க்கும் வேலை. பெட்ரோல் பங்க், மோட்டல், ரெஸ்டாரன்ட், அடுத்தவர் பெயரில் டெலிவரி ஆப். “எல்லாரும் பண்றாங்க சார்” என்பார்கள். அனுமதியில்லாத வேலை தெரிந்தால் எஃப்-1 அந்தஸ்தே போகும், பின்னால் வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போதும் அது எழுந்து வரும். சம்பளத்தை முழுசாகத் தராமல் இழுத்தடித்தால் புகார் சொல்லவும் பயமாக இருக்கும். அது முதலாளிக்கும் தெரியும். வாடகைக்கு நெருக்கடி வந்தால் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் ஃபீஸைத் தவணையில் கட்டும் வசதி உண்டு, சிலவற்றில் அவசரக் கடனோ உதவித்தொகையோ இலவச உணவுப் பொருள் அறையோ இருக்கும். கேட்க வெட்கப்பட்டு ஊரில் வட்டிக்கு வாங்கச் சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

படிப்புக்கேற்ற வேலைக்கான தேடலும் அதே ஆகஸ்ட், செப்டம்பரில்தான் தொடங்குகிறது. அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய நிறுவனங்கள் அப்போதே ஆள் தேட ஆரம்பித்துவிடும். ஒரு பக்க ரெஸ்யூமே போதும். அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ எதுவும் அதில் வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கடனை செமஸ்டர் வாரியாக மட்டும் எடுங்கள். படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 40 லட்சம் முழுதும் எடுத்த நிலையில் 10 சதவீதம் என்றால் மாதம் சுமார் 33,000. அதை மட்டுமாவது கட்டிவர முடிந்தால் பின்னால் சுமை குறையும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, கிடையாது. சொந்தப் பணத்திலிருந்து நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் பிடிப்பார்கள், ஆனால் அது யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் ரிட்டர்னில் வரவு வைத்துக்கொள்ளலாம். அதை மறந்து விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

பிள்ளைக்கு ஒன்று. முதல் ஐந்து காலண்டர் வருடம் எஃப்-1 மாணவர் வரிக் கணக்கில் ‘நான்-ரெசிடென்ட்’, அதாவது அங்கே குடியிருக்காதவர். கேம்பஸ் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்கிற ஓய்வூதிய, மருத்துவ வரியாக 7.65 சதவீதம் பிடித்திருந்தால் பேரோல் பிரிவில் திரும்பக் கேட்க வேண்டும். ரிட்டர்ன் 1040-என்ஆர் படிவத்தில்தான் போட வேண்டும். ரூம்மேட் சொன்ன இலவச ஆப் அங்கே குடியிருப்பவர்களுக்கான 1040-ஐ நிரப்பிக் கொடுத்துவிடும், அது தப்பு. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவால் இந்திய மாணவருக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கிறது, அதனால் பிடித்த வருமான வரி பெரும்பாலும் திரும்பி வரும். ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காவிட்டாலும், மாணவராக அங்கே தங்கியதைத் தெரிவிக்கும் படிவம் 8843-ஐ அடுத்த ஆண்டு ஜூன் 15-க்குள் அனுப்ப வேண்டும். இந்த ஆகஸ்டில் போகிறவர்களுக்கும் இது உண்டு.